பஸ் திரும்பாத திருப்பம்

அக். 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடை கடையிலேயே கிடக்கிறது. நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். டிசைன் செய்து அடிக்க வேண்டிய தீபாவளி ஆஃபர் ஃப்ளெக்ஸ் குவிந்து கிடக்கிறது. துணிக்கடை, பிரியாணிக்கடை, திருப்புலிவனத்திலிருந்து ஒரு காதுகுத்து. காதுகுத்துக் குழந்தையின் போட்டோ பாதி இருட்டு. வெளுப்பாக்கித் தரச் சொல்கிறார் மாமன்காரர்.

மத்தியானம் கடை காலி. முதலாளி முருகன் அண்ணன் சாப்பிடப் போனதும், பஸ் ஓட்டும் கேமுக்கு நான் செய்த மேப்பைத் திறந்தேன். போன வாரம் போட்டது. இந்தோனேசியாவில் யாரோ ஓட்டி வீடியோவே போட்டிருக்கிறார்! உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் மினி பஸ்ஸை எடுத்து, ஏரிக்கரை ஏறி, பெருநகர் ரோட்டில் வந்து, எங்கள் ஊர் தண்ணீர் டேங்க் திருப்பத்தில் இண்டிகேட்டர் போட்டு, எங்கள் தெருவுக்குள் வந்து, சர்ச் வாசலில் நிறுத்துகிறார். பின்னால் ஏதோ அவர்கள் ஊர்ப் பாட்டு.

நிஜத்தில் மினி பஸ் டேங்கோடு சரி. அதற்குப் பிறகு நாங்கள் நடைதான். ரோடு இருக்கிறது. அகலமும் இருக்கிறது. வண்டி மட்டும் திரும்பாது. மேப் என்னுடையது, அதனால் உள்ளே விட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். பாதி புரிந்தது.

"கேமுல நம்ம தெருவா? யாரு குட்த்தாங்க?"

"நானே போட்டேம்மா. முன்னெல்லாம் பஸ்ஸுக்கு பெயின்ட் மாத்த மட்டும்தான் வுடுவாங்க. எல்லாரும் கேட்டு கேட்டு, இப்பதான் கம்பெனிக்காரன் மேப் செய்ற டூலயே வெளிய குட்த்தான். ரோடு, வூடு, மரம், இன்னா வேணா நாமளே வெச்சிக்கலாம்."

"காசு வாங்காமயா?"

"ஆமா."

"அப்ப எதுக்கு குட்த்தான்?"

'கேட்டோம், குட்த்தான்' என்றேன்.

அக். 15, புதன்

எழுத்து கோணுகிறது, பரவாயில்லை.

என் மேப்புக்குக் கீழே இன்னொரு மேப். 'உத்திரமேரூர் ரூட் – திருத்தியது'. போட்டவர் பெயர் வெறும் எண்கள். ஏதோ பிழையைக் கண்டுபிடித்துச் சரி செய்திருக்கிறார்கள் போல என்று சந்தோஷமாகத்தான் இறக்கினேன். ஏரிக்கரை வளைவில் டயர் மண்ணில் புதையும், எனக்கே தெரியும். அதுவாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஓட்டினேன். எல்லாம் நான் வைத்தபடி. நான் வரைந்த நகைக்கடை போர்டு, நான் வைத்த புளிய மரம், டீக்கடையில் நான் கட்டிய நீலத் தார்ப்பாய். டேங்க் வந்தது. இண்டிகேட்டர் போட்டுத் திருப்பினேன்.

சுவர்.

ரோட்டின் குறுக்கே, இந்தப் பக்கம் முதல் அந்தப் பக்கம் வரை. பஸ் முட்டி நின்றது. முதலில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். பின்னால் எடுத்துத் திரும்ப விட்டேன். முட்டியது. திரும்பவும் விட்டேன். கேமராவை மேலே தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். புல். வெறும் புல். சர்ச் இல்லை, அடிபம்பு இல்லை, அம்மா வீடு இல்லை. நீல வாசற்கதவு வைக்க எத்தனை நாள் மெனக்கெட்டேன். எல்லாம் இருந்த இடத்தில் பச்சைத் தரை, பெயின்ட் பக்கெட்டைக் கவிழ்த்த மாதிரி.

முருகன் அண்ணன் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துப்போய் கீது?"

"ஒண்ணுமில்லண்ணா. கேமு."

காதுகுத்து ஃப்ளெக்ஸில் எழுத்துப்பிழை விட்டுவிட்டேன். திரும்ப அடிக்க வேண்டும்.

அக். 16, வியாழன்

சாப்பிடவில்லை. அம்மா கேட்டாள், வயிறு சரியில்லை என்றேன்.

அந்த மேப்புக்குக் கீழே கமெண்ட்:

'சூப்பர் தலைவா.'
'இப்பதான் நம்ம ஊரு மாதிரி கீது.'
'பழைய மேப்புல பஸ்ஸு காலனிக்குள்ள போச்சு பாரு, அங்கதான் சிரிச்சேன்.'
கைதட்டும் படம். கைதட்டும் படம். நெருப்புப் படம்.

எல்லாப் பெயரும் ஊர்ப் பையன்கள் பெயர். பாதிப் பேருக்கு நான்தான் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் அடித்தேன். போட்டோவில் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டு, பின்னால் சிங்கம் வைத்து.

இது போதாது என்று இன்னொன்று. சாயங்காலம் குழாயடியில் குடம் வழிந்துகொண்டிருக்கும்போதுதான் மண்டையில் ஏறியது. மேப்பை வெளியே விடும்போது பூட்டித்தான் விட்டேன். ஓட்டலாம், பிரித்து மாற்ற முடியாது. பூட்டாத ஃபைல் என்னிடம் ஒன்று. இன்னொன்று பார்த்தியண்ணனிடம்.

பார்த்தியண்ணன். மினி பஸ் டிரைவர். ஊருக்குள் வீடு. வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்ட எங்கள் கடைக்கு வந்தபோது, கம்ப்யூட்டரில் கேமைப் பார்த்துவிட்டு நின்றவர். அவரும் ஆடுவாராம். ஹாரன், இன்ஜின் சத்தம் எல்லாம் அவர்தான் போனில் பதிவு செய்து கொடுத்தார். "பிரேக்க அமுக்கனா கீச்சுனு ஒரு சத்தம் வரும், அத்தயும் வெச்சிடு எஸ்தரு, அப்பதான் என் வண்டி" என்று சிரித்தவர். சத்தம் சேர்ப்பதற்காக ஃபைலை நானே பென்டிரைவில் கொடுத்தேன்.

அவராக இருக்காது. இருக்கக் கூடாது. பையன்கள் யாராவது அவரிடமிருந்து எடுத்திருக்கலாம்.

அக். 17, வெள்ளி

அவர்தான்.

காலை பஸ். வேண்டுமென்றே டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். ஏரிக்கரை தாண்டியதும் கேட்டேன்.

"மேப்ப நீங்களா மாத்தனது?"

எப்போதும் 'அண்ணா' என்று சேர்த்துக் கூப்பிடுவேன். இன்றைக்குச் சேர்க்கவில்லை.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். மறுக்கவே இல்லை. நான் மறுப்பார் என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன்.

"பசங்க கேட்டானுங்க எஸ்தரு. 'நெஜத்துல போவாத எடத்துக்கு கேமுல மட்டும் இன்னாத்துக்கு போவுது, நீதான் சொல்லிக் குட்த்தியா'ன்னு. டெய்லி இதே பேஜாரு. நாளைக்கு உங்க ஆளுங்க அத்த காட்டி நெஜமாவே வண்டிய உள்ள வுடுன்னு கேட்டா? நான் ஓனருக்கு இன்னா சொல்றது?"

"அதுக்கு சொவரா? ரோட்ட அங்கயே முடிச்சிருக்கலாமே."

"முடிச்சிதான் பாத்தேன். சும்மா வுட்டா வண்டி மண்ணுல எறங்கி உள்ள போய்டுது."

எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத குரலில் சொன்னார். வேலையில் வந்த ஒரு இடைஞ்சலைச் சொல்கிற மாதிரி. அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

"எங்க வூடு? வூட்ட எதுக்கு எடுத்தீங்க?"

"சொவருக்கு அப்பால யாரும் போவமாட்டான். சும்மா கெடந்தா கேமு ஸ்லோ ஆவுது, அதான் எடுத்தேன்."

பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். நேராகக் கடைக்குப் போனேன்.

கம்பெனிக்குப் புகார் எழுதினேன். இங்கிலீஷ் அகராதி பார்த்துப் பார்த்து. 'My street is deleted' என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று புரியாமல் இரண்டு மேப்பின் வீடியோவையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். பார்த்தி பெயர் போடவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது.

அக். 18, சனி

அம்மாவுக்குக் காட்டினேன். நடவு முடித்து வந்து, காலைக் கழுவிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் சுவர் வீடியோ.

"இது ஏரிக்கர. இது டீக்கட. ஐய, டேங்கு! அப்பிடியே கீதுடி." சிரித்துக்கொண்டே பார்த்தாள். திருப்பம் வந்தது. "அப்பறம்? நம்ம வூடு எங்க?"

"இல்லம்மா. எடுத்துட்டாங்க."

"யாரு?"

சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். ஆனால், "கேமுலயுமா?" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய் அரிசி களைந்தாள்.

பிறகு என் மேப்பின் வீடியோவையும் காட்டினேன். பஸ் எங்கள் தெருவுக்குள் வந்து நிற்கும்போது வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே, "எடுத்துட்றீ எஸ்தரு. வம்பு வேணாம். நீ டெய்லி அவன் வண்டிலதான் போய்க்கினு வரணும்."

அக். 20, திங்கள்

தீபாவளி. கடை லீவு. ஊர்ப் பக்கம் வெடிச்சத்தம். எங்கள் தெருவிலும் பாதி வீட்டில் வெடி, சர்ச்சுக்குப் போகிற வீட்டிலும்தான். பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம்.

கம்பெனியிலிருந்து பதில். சென்னையில் அவர்களுக்கு ஆள் இருக்கிறாராம். புதன்கிழமை போனில் பேசுவாராம். தமிழில் பேசலாமாம். பயமாக இருக்கிறது.

அக். 21, செவ்வாய்

கடைக்கு ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஃப்ளெக்ஸுக்கு இல்லை. முருகன் அண்ணனை வெளியே கூப்பிட்டுப் பேசினார்கள். கண்ணாடி வழியாகத் தெரிந்தது, அண்ணன் தலையைத் தலையை ஆட்டினார்.

உள்ளே வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உன் தெரு, உன் இஷ்டம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கட கம்ப்யூட்டர்ல மட்டும் அந்த கேமு வேணாம். அவனுங்க கஸ்டமரு."

ஆறு வருஷமாக இந்தக் கடையில் இருக்கிறேன். நானும் தலையை ஆட்டினேன்.

அக். 22, புதன்

பேசிவிட்டேன். மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

பிரின்டிங் மிஷினுக்குப் பின்னால் நின்று பேசினேன். மரியாதையான குரல். மேடம், மேடம் என்றார். வருத்தம் தெரிவித்தார். பிறகு:

"ரெண்டு மேப்பையுமே எடுத்துடலாம்னு இருக்கோம் மேடம்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "ரெண்டையுமா?"

"ஒண்ண மட்டும் எடுத்தா ஒரு தரப்புக்கு சாய்ஞ்ச மாதிரி ஆயிடும். இன்னொரு விஷயம், இந்த மாதிரி பிரச்சினை வேற வேற நாட்டுலயும் வருது. அதனால டூலையே மூடிடலாம்னு மேல பேச்சு. இனிமே மேப் எல்லாம் கம்பெனியே பண்ணும். பாதிக்கப்பட்டவங்க நீங்க. மூடுங்கன்னு நீங்களே ஒரு வார்த்தை சொன்னா எங்களுக்கும் வசதியா இருக்கும்."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், சொல்லியிருப்பேன். மூடித் தொலையுங்கள் என்று. நாங்கள் கெஞ்சிக் கேட்டு வாங்கிய டூல்தான் அந்தச் சுவரையும் கட்டியது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அவர்கள் கம்பெனியே போட்ட மேப் ஞாபகம் வந்தது.

"சார், நீங்களே போட்ட தமிழ்நாட்டு கிராமம் ஒண்ணு கீதுல்ல? அத்த ஓட்டியிருக்கீங்களா?"

"நிறைய தடவ."

"அதுல எங்க தெரு எங்க சார்?"

"அது கற்பனை கிராமம் மேடம்."

"தெரியும் சார். கோயில் கீது, வாழத்தோப்பு கீது, மாடு கீது, ஒரே ஒரு தெரு கீது. எங்கள மாதிரி தெரு கற்பனைலகூட இல்ல. எங்க ஊர்க்காரருக்கு எங்கள மறைக்க ஒரு சொவரு தேவப்பட்டுது. உங்களுக்கு அதுகூட தேவப்படல."

அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் விடவில்லை.

"டூல மூடினா எங்களுக்கு மிச்சம் அந்த கிராமம்தான் சார். மூடாதீங்க. சொவரு மேப்ப எடுங்க. அடுத்தவன் வூட்ட அழிச்சி போடக்கூடாதுன்னு ரூல் போடுங்க. டூல வுட்டுடுங்க."

"நாளைக்கு வேற யாராவது வேற சுவர் கட்டினா?"

"கட்டுவாங்க சார்."

மேலே பேசிவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். முருகன் அண்ணன் கேட்டிருப்பார். ஒரு டீ மட்டும் கூடுதலாக வாங்கி வரச் சொல்லி என் மேஜையில் வைத்தார்.

அக். 23, வியாழன்

நல்ல மழை. பஸ்ஸில் கூட்டம். இறங்கும்போது பார்த்தி திரும்பாமலே கேட்டார்.

"கம்பெனிக்கு என் பேர சொல்ட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

பின்னால் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். டேங்கில் இறங்கினேன். வண்டி அப்படியே போய்விட்டது. வீடு வரைக்கும் முழங்கால் சேறு.

அக். 25, சனி

மழை விட்டது. துணி எல்லாம் வெளியே காய்கிறது.

கம்பெனி அறிவிப்பு வந்துவிட்டது. டூலை மூடவில்லை. சுவர் மேப்பை எடுத்துவிட்டார்கள். தேடிப் பார்த்தேன், இல்லை. என் மேப் இருக்கிறது. படித்துக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் உட்கார்ந்துவிட்டேன்: நிஜ ஊர்ப் பெயர் எந்த மேப்பிலும் இருக்கக் கூடாது. இன்றைக்குள் மாற்றாவிட்டால் அதுவும் போய்விடும்.

உத்திரமேரூர் என்று போட முடியாது. எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டேன், செல்லாது என்று சிவப்பு எழுத்து. பெருநகர், சிவப்பு. வெறி வந்து வாலாஜாபாத் என்று போட்டேன், அதுவும் சிவப்பு. உலகத்து ஊர்ப் பட்டியல் மொத்தமும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கிறது போல.

அம்மா துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். "இன்னா அத்தினி நேரமா குத்திக்கினு கீற?"

"மேப்புக்கு பேரு வெக்கணும்மா."

"நம்ம பேர வெய்யேன்."

ரேஷன் கார்டில் காலனி. ஆதாரிலும் காலனி. பனைமேடு என்பது நாங்கள் மட்டும் எங்களுக்குள் சொல்லிக்கொள்கிற பெயர். போர்டு கிடையாது. தபால்காரருக்குக்கூடத் தெரியாது.

ப-னை-மே-டு. அடித்தேன்.

உடனே பச்சை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அப்படி ஒரு இடம் உலகத்திலேயே இல்லையாம்.

சிரிப்பதா என்றுகூடத் தெரியவில்லை. பிறகுதான் கவனித்தேன். மேப்பின் பெயர்தான் தானாகவே பஸ்ஸின் முன்பலகைக்கும் போகும். படத்தில் மினி பஸ் நிற்கிறது. கண்ணாடிக்கு மேலே, மஞ்சள் எழுத்தில், பனைமேடு.

அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்து நிற்கிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.