நெருப்பில்லாத மலை

3 ஒக்டோபர் 1926, ஞாயிறு
கோலகுபு சந்தைக்குப் போய் வந்தோம். மனைவி மங்கையற்கரசிக்கு ஐந்தாம் மாதம். வண்டியில் ஆடி வந்ததில் களைத்துப் படுத்துவிட்டாள். கணக்கெழுதும் கிராணிக்கென்று கொடுத்த எங்கள் வீடு மலைக்கு நேர் கீழே. இந்தத் தோட்டத்தில் இவ்வளவு குளிர்ச்சியான இடம் வேறில்லை.

11 ஒக்டோபர்
புது ஆள் கர்த்தோ, ஜாவாக்காரன், மலையடிக் கூலி லயத்தில் இருக்கமாட்டேன் என்கிறான். அவன் ஊரில் எரிமலை வெடித்து மனைவி மக்கள் எல்லாரும் போனார்களாம். என் பூகோளப் புத்தகத்தைத் திறந்து, நெருப்புக் கக்கும் மலைப் படத்தைக் காட்டினேன். எரிமலையெல்லாம் மலைதான், மலையெல்லாம் எரிமலை ஆகுமா என்று கேட்டேன்.

"நெருப்பு நான் பாக்கலே, கிராணி. சேறுதான் வந்திச்சு" என்றான்.

பேயன். ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூடத்துக்குப் பக்கத்தில் படுக்கச் சொல்லிவிட்டேன்.

7 நவம்பர்
மலைக்காட்டில் புல் சுரண்டி முடிந்தது. வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு புல் நிற்கக்கூடாது. ரப்பர் மரத்தடி கூட்டின முற்றம் போல இருக்கவேண்டும். வேலைச் சீட்டு நான்தான் எழுதினேன். மலை, மொட்டையடித்த தலை மாதிரி பளபளக்கிறது.

5 டிசெம்பர்
மழை. ஓடையில் செம்மண்ணாக வருகிறது.

மங்கை பெட்டி கட்டி வைத்திருந்தாள். "உந்த மலையைப் பாக்கப் பயமாக் கிடக்கு. பிள்ளை பிறக்குமட்டும் என்னை அண்ணை வீட்டை விடுங்கோ." அவள் அண்ணன் செல்லையா கோலசிலாங்கூரில் இருக்கிறார். நான் சிரித்தேன். அவளுக்கும் அந்தப் படத்தைக் காட்டினேன்.

"நீங்கள் படிச்சனீங்கள், சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று பெட்டியை அவிழ்த்துவிட்டாள்.

26 டிசெம்பர்
ஆறு நாளாக விடாத மழை. பாலம் தண்ணீருக்குள். இனி மங்கையை அனுப்ப நினைத்தாலும் வழியில்லை.

28 டிசெம்பர்
நேற்றுக் காலை மலை இறங்கியது. நான் ரப்பர் ஷீட் நனையாமல் மூடப் புகைக்கூடத்துக்குப் போயிருந்தேன். மங்கை வீட்டில் இருந்தாள்.

2 ஜனவரி 1927
நெருப்பில்லை. பெரிய சத்தமும் இல்லை. சேறு.

கர்த்தோதான் முதலில் ஓடி வந்தான். அடுப்படிப் பக்கம் தோண்டச் சொன்னான். கொஞ்சம் ஆழம் போனதும் மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கையால் மண்ணை அள்ளினான் — அவளுக்கு நோகக்கூடாது என்று. அவளை உயிரில்லாமல்தான் வெளியே எடுத்தோம். நான் அப்பவே சொன்னேனே என்று அவன் ஒரு தரமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மங்கை, எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு படம்தான். மலை கொல்லுறதுக்கு நெருப்பு வேணுமெண்டு ஆர் சொன்னது? நான்தானே சொன்னன். ஐயோ, கட்டின பெட்டியை அவிழ்க்க வைச்சனே.

27 ஜனவரி
நேற்று மங்கையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. செல்லையா அத்தான் வந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

14 பெப்ரவரி
சரிந்த மண்ணில் புல் முளைத்து, மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மலைக்காட்டைச் சுரண்ட நாளைக்கு ஆள் போடும்படி துரை சொன்னார். சீட்டு எழுத உட்கார்ந்தேன். கர்த்தோவையும் புல் சுரண்டும் மற்ற ஐந்து பேரையும் ஆற்றங்கரைக் காட்டுக்கு எழுதினேன். மலைக்காட்டுக்கு ஒருவரையும் எழுதவில்லை. துரை கேட்டால், கிராணிதான் நிறுத்தினான் என்று சொல்லுவேன்.