கல்லுக்குள் போன செவ்வந்தி

19 ஜூலை 2022, வாலிஸ் மலை
இன்றும் மழை இல்லை. மேலே முழுக்க வெள்ளைக் கல், முறுகிப்போன புல். பனி உருகி வரும் ஓடையோ ஒரு பொந்துக்குள் விழுந்து காணாமல் போகிறது. எங்கே வெளியே வருகிறது? எனக்கு அது முதுகலை ஆய்வு. மாடு வளர்க்கும் அந்தோனுக்கு அது பிழைப்பு. தொட்டி வற்றுகிறது. புது ஊற்று கிடைக்காவிட்டால் ஆகஸ்ட் நடுவில் மாடுகளைக் கீழே இறக்க வேண்டும். கீழேயும் புல் இல்லை. "பாதியை விற்கத்தான் வேண்டும்" என்றார்.

23 ஜூலை
பொந்துக்குள் பச்சைச் சாயம் ஊற்றினேன். தெரிந்த ஊற்றுகளில் எல்லாம் போத்தலில் தண்ணீர் எடுத்து, சாயம் வருகிறதா என்று கருவியில் பார்க்கிறேன். எங்காவது பச்சை வா!

24 ஜூலை, ஞாயிறு
வீட்டிலிருந்து, டீட்டிகோன் நகரிலிருந்து, அம்மா வந்தா! கையில் இடியப்பமும் சம்பலும். அந்தோன் உறைப்பில் கண் கலங்கி, இன்னும் கேட்டு வாங்கினார். பிறகு அம்மாவுக்குப் பொந்தைக் காட்டிவிட்டு, போத்தல் மாற்றப் போனேன். திரும்பி வந்தால் கற்பூரம் எரிகிறது. மஞ்சள்தூள், பல்கனியில் வளர்த்த ஒரு பை செவ்வந்தி — எல்லாம் உள்ளே!
"அம்மா, என்ன வேலை பாத்து வச்சிருக்கிறீங்கள்?"
"தண்ணி இறங்கிற இடம். கும்பிடாமல் போறதோ, பிள்ளை?"
ஐயோ! மஞ்சளும் கருவியில் என் சாயம் மாதிரியே தெரியுமே.

27 ஜூலை
இனி எந்த அளவீட்டையும் நம்ப முடியாதாம், அடுத்த கோடையில் திரும்பச் செய்யட்டாம் — பேராசிரியர். அடுத்த கோடையோ? அந்தோனுக்கு இதை யார் சொல்வது? அம்மா போன் எடுத்தா. நான் தூக்கவில்லை. சரியான கோபம்.

30 ஜூலை
அந்தோன் ஓடி வந்தார். அந்த மனுசன் ஓடி நான் கண்டதே இல்லை. உள்ளங்கையில் ஈரமான ஒரு செம்மஞ்சள் இதழ்.
"இது உன் அம்மாவுடையதா?"
தொலைந்த கன்றைத் தேடி மறு சரிவுக்குப் போனாராம். கன்று கற்குவியலுக்குள் தலையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றதாம். நானும் விழுந்தடித்து ஓடினேன். என் வரைபடத்தில் இல்லாத இடம். கல்லுக்கடியிலிருந்து என் கை மொத்தத்துக்குத் தண்ணீர்! பாசி முழுக்கப் பூவிதழ். மஞ்சள் பொய் சொல்லலாம். இந்த மலையில் செவ்வந்தி வேறு எங்கே பூக்கும்? சிரித்தேன், அழுதேன், பல் கூசக் கூசக் குடித்தேன்.
அம்மாவுக்குப் போன் அடித்தேன். மன்னிப்புக் கேட்க வாய் திறக்க முதல், "சாப்பிட்டியோ?" என்றா.

19 ஆகஸ்ட்
குழாய் போட்டாயிற்று. மாடுகளின் மணிச்சத்தத்தில் எழுதவே முடியவில்லை. ஒரு மாடும் இறங்கவில்லை.
ஆய்வறிக்கையில் 'பயன்படுத்திய பொருட்கள்' என்ற பகுதியை இன்று காலை முடித்து அனுப்பினேன். பச்சைச் சாயம், ஒரு கிலோ. செவ்வந்திப்பூ, ஒரு பை, டீட்டிகோன் பல்கனி.
பேராசிரியர் அந்தப் பூ வரியை வெட்டவில்லை.