நண்பகலில் தளர்ந்த மடிக்கணினி குறித்து நெடுங்கல் அணைக்கு விடுத்த திருமுகம்

வாழ்க நெடுங்கல் அணை; வாழ்க அதன் மதகுகளும் மதகு காப்போரும். மஞ்சியாறு பாயும் ஆம்பல்நாட்டைக் கோல் வழுவாது புரக்கும் கோ நெடுவேலரின் ஆணைப்படி, திருமுகப் பேரமைச்சன் கண்டன் மழவராயன், அணைக்காவல் தலைவியார் ஆவுடையாளுக்கு விடுக்கும் ஓலை. உமது கோட்டையில் யாவரும் நலம் என்று நம்புகிறோம். நம்புதல் எமக்கு எளிதில் வருவதன்று என்பதை நாடே அறியும். ஆகவே இச்சொல்லை வெறும் முகமனாகக் கொள்ளாதீர்.

மின்மடலில் நொடியில் சொல்லக்கூடியதை ஓலையில் எழுதி ஆள்வசம் அனுப்புவானேன் என்று வியப்பீர். காற்றில் போகும் சொல்லை நடுவழியில் எவன் பிடித்துப் படிக்கிறான் என்று யார் கண்டார்? ஓலையைத் திருடுபவன் குறைந்தது ஓடவாவது வேண்டும்.

இனிச் செய்தி. மலைமேல் பெய்யும் மழையைக் கணித்து, ஆறு எவ்வளவு ஏறும் என்று கண்டு, கீழுள்ள ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுக்கத் தக்க மடிக்கணினி ஒன்று வேண்டும் என்று பங்குனியில் நீர் விண்ணப்பித்தீர். அரசர்க்குக் காட்டப்படும் எப்பொருளும் அரியணையின் அடியிலுள்ள காட்சிப் பீடத்தில் வைத்தே சோதிக்கப்பட வேண்டும் என்பது முன்னோர் வகுத்த முறை. அம்முறைப்படி இரு வணிகர் தத்தம் கணினிகளைப் பீடத்தில் வைத்தனர்.

பெருஞ்சாத்தன் என்பான் கொணர்ந்தது கண்ணைப் பறிக்கும் கருவி. அதன் செயலிக்கு ‘கோர்’ எனப்படும் கருக்கள் பதினான்கு என்றும், அதன் வைஃபை ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தது என்றும், மாப்பிள்ளை வீட்டார் குலம் பேசுவது போலப் பேசினான். கோடன் என்பான் கொணர்ந்ததோ தடித்த, பொலிவற்ற ஒன்று, செயலிக்கு ஆறே கருக்கள், வைஃபையும் பழையது, சிம் அட்டை செருக ஓர் இடம் உண்டு என்பதொன்றே அவன் வாய்விட்டுச் சொன்ன பெருமை. பழைய வெள்ளம் ஒன்றின் கணக்கை இரண்டிற்கும் கொடுத்தோம். அரசர் வெற்றிலை மடித்து வாயில் இடுமுன் பெருஞ்சாத்தன் கணினி விடை சொல்லிற்று. அரசர் மென்று துப்பிய பின்னரே கோடன் கணினி விடை சொல்லிற்று. அவை சிரித்தது. யாம் அன்றே ஐயுற்றோம். ஆனால் ஐயுற்றது கோடனை. தோற்கும் என்று தெரிந்த பொருளை ஒருவன் அரசவைக்கு ஏன் சுமந்து வருகிறான் என்பதே எம்மை உறுத்திற்று.

வென்ற கணினி உமக்கு வந்தது. வைகாசியில் உமது முறையீடு எமக்கு வந்தது. நண்பகலில் அது அனலாய்க் கொதித்துத் தளர்கிறது என்றும், கணக்கு முடிவதற்குள் ஆறே வந்துவிடுகிறது என்றும், வைஃபை பிடிக்க அங்கே வைஃபையே இல்லை என்றும் எழுதியிருந்தீர். கோடை மழையன்று படுகையூருக்கு எச்சரிக்கை பிந்திச் சென்றதையும், மாடு கன்றுகள் வெள்ளத்தோடு போனதையும், மக்கள் கூரைமேல் ஏறிப் பிழைத்ததையும் எழுதியிருந்தீர். கணினியைத் திருப்பி அனுப்பியதோடு நில்லாது, பிழை கருவியினுடையதா காவலினுடையதா என்று அவை தெளியும்வரை அணைத்தலைமை வேண்டா எனக் கூறி, அதற்குரிய கணையாழியையும் கழற்றி அனுப்பினீர்.

அரசரின் மைத்துனர் வயிரமேகனார் அதைக் கண்டு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவையறிய நகைத்தார். தாம் அப்பதவியை ஏற்கச் சித்தமாக இருப்பதாகவும் பணிவோடு தெரிவித்துக்கொண்டார். அவருடைய பணிவை யாம் முன்பும் கண்டிருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் உண்மை அறிந்து சொல்லுமாறும், குற்றம் உம்முடையதாயின் கணையாழியை வயிரமேகனாருக்கு அளிக்குமாறும் அரசர் எமக்குப் பணித்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எம்மைப் பழிப்போர், அன்று மட்டும் எம்மினும் தக்கார் இல்லை என்று ஒருமித்து உரைத்தனர். அதையும் யாம் ஐயுற்றோம்.

மறைப்பானேன்? முதலில் ஐயுற்றது உம்மையே. கோடனிடம் கையூட்டுப் பெற்றீரோ என்று எண்ணினோம். பின்பு, சோதனைக்கு ஒன்றும் அணைக்கு ஒன்றுமாகக் கணினியை மாற்றிவிட்டானோ என்று பெருஞ்சாத்தனை எண்ணினோம். மைத்துனரின் ஆட்கள் அதை வழியில் கெடுத்தனரோ என்றும் எண்ணினோம். திரும்பிவந்த கணினியை அதே பீடத்தில் அரசர்முன் வைத்துச் சோதித்தபோது, அது குதிரையாய்ப் பாய்ந்தது. அவை உம்மைக் குற்றவாளி என்றே தீர்த்துவிட்டது. முக்கால் பங்கு யாமும் அவ்வாறே எண்ணினோம்.

அந்நேரம் அரசர் அமுதுண்ண எழுந்தார். அவை கலைந்தது. வணிகன் ஆட்களை அக்கணினியோடு தனியே விட மனம் ஒப்பாமையால் யாம் மட்டும் அங்கேயே அமர்ந்து, கணக்கை மறுபடியும் ஓடவிட்டோம். சிறிது பொழுதில் அதன் உள்விசிறி முனகத் தொடங்கிற்று. அடிப்புறம் தோசைக்கல்லாய்ச் சுட்டது. வெற்றிலை மடிக்குமுன் முடிந்த கணக்கு, அரசர் உண்டு, உறங்கி, எழுந்து வரும்வரை முடியவில்லை. அவர் அமர்ந்ததும் கவரி வீசுவோர் இருபுறமும் நின்று வீசினர். வெட்டிவேர்த் தட்டிக்கு ஏவலர் நீர் தெளித்தனர். கணினி உயிர்பெற்று மீண்டும் பாய்ந்தது.

கவரியை நிறுத்துமாறு வேண்டினோம். அரசர் அரியணையில் இருக்கையில் கவரி நின்றதாக இந்நாட்டில் வரலாறில்லை. வீசுவோர் வீச்சை விடாமல் அரசரைப் பார்த்தனர். அரசரே நிறுத்துமாறு கையசைத்தார். அவர் நெற்றி வேர்வை மோவாயை எட்டுமுன் கணினி முடவனாயிற்று. வீசியது அரசர்க்கு; குளிர்ந்தது கணினி. வைஃபை வீறுகொண்டு நின்றதும் அவ்வாறே: அதன் பெட்டி அரியணையின் பின்னால், திரைச்சீலைக்கு ஓரடி அப்பால் இருக்கிறது. நிழலும் இல்லாத உமது காவல்மாடத்திற்கு, அவையிலேயே மிகக் குளிர்ந்த இடத்தில் வைத்துக் கருவி தேர்ந்திருக்கிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இத்தனை பேர் கூடியிருந்தும் ஒருவரும் நினைக்கவில்லை. பெருஞ்சாத்தன் பொய் சொல்லவில்லை, கேளாததைச் சொல்லவுமில்லை. அவனை ஒறுக்கவில்லை, ஆயினும் கண்ணில் வைத்திருக்கிறோம்.

பின்னர்க் கோடன் கணினியை மடைப்பள்ளியில் அடுப்புகளின் நடுவே வைத்தோம். அது விரையவும் இல்லை, தளரவும் இல்லை. சோறு வடித்து, குழம்பு இறக்கும்வரை ஒரே நடையில் கணக்குகளை முடித்தது. உம்மிடத்தில் கிடைப்பது மலைக்கோபுரத்தின் அலைபேசி அலை ஒன்றே என்று எழுதியிருந்தீர். அதையும் நம்பாது எம் ஆளை அனுப்பி, காவல்மாடத்தில் நின்று எம்மை அழைக்கச் செய்தோம். காற்றின் இரைச்சலோடு அவன் குரல் தெளிவாகக் கேட்டது. ஆகவே சிம் அட்டை ஏற்கும் கணினியே உமக்குத் தக்கது. தோற்கும் பொருளை ஏன் சுமந்து வந்தாய் என்று கோடனை வினவியபோது, கேட்டது அணைக்கு என்றுதான் தன்னிடம் சொல்லப்பட்டது என்றும், அரண்மனைக்கு என்று எவரும் சொல்லவில்லை என்றும் விடையிறுத்தான்.

எனவே அரசர் ஆணை யாதெனில்: ஆறு கருக் கணினி இவ்வோலையோடு வருகிறது, அதை உடனே நம்பற்க. உச்சிவெயிலில், மாடத்தின் மேல்தளத்தில் வைத்து, பழைய வெள்ளத்தின் கணக்கை ஓட்டி, ஊர்தோறும் எச்சரிக்கை விடுத்து, ஊர்தோறும் விடை வந்த பின்னரே ஏற்றுக்கொள்க. இனி எக்கருவியும் அது பணிசெய்யும் இடத்திலேயே சோதிக்கப்படுக. மைத்துனர் வயிரமேகனார், அணைமேல் தாம் காட்டிய அக்கறையை மெச்சிய அரசரால், இக்கார்காலம் முழுதும் படுகையூரில் தங்கியிருக்கப் பணிக்கப்பட்டுள்ளார். உமது எச்சரிக்கை முதலில் அவரை எட்டுக.

உமது கணையாழியும் வருகிறது. கேளாமலே அதைக் கழற்றி அனுப்பியதை யாம் நெடுநாள் ஐயுற்றோம். மடியில் கனமில்லாதவர்க்கு வழியில் பயமில்லை என்று இன்று தெளிந்தோம். எம் ஐயத்தால் உமக்கு நேர்ந்த நோவு எமக்கும் நோகிறது. இவ்வோலையின் அரக்கில் எம் இலச்சினையைத் தேடாதீர். அணைத்தலைவியின் முத்திரை இன்றி அணைக்குள் எக்கட்டளையும் புகலாகாது என்பது முறையாதலால், அரசர் முன்னிலையில் உமது கணையாழியையே பதித்தோம். விரலில் இடுமுன் அரக்கோடு பொருத்திப் பாரும். பொருந்தாவிடின் ஓலை கொணர்ந்தவனைப் பிடித்துக் கட்டுக. எவரையும் நம்பற்க, எம்மையும்.