டப்பாவில் சிரிக்கிற டாக்டர்

ஜனவரி 9

டப்பாவில் சிரிக்கும் என் தம்பி டாக்டருக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று டப்பாவைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், கன்னம் நன்றாக உப்பியிருக்கிறது. இங்கே நலமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போன் பண்ணினால் ஒரு பெண் எடுத்து, "டாக்டர் ஷூட்டிங்ல இருக்கார், அப்புறம் கூப்பிடுங்க" என்கிறாள். ஷூட்டிங்கில் இருக்கிற டாக்டரை நான் இந்த வயதில்தான் கேள்விப்படுகிறேன்.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. உள்ளே பன்னிரண்டு சாக்லேட் டப்பா, பன்னிரண்டிலும் உன் முகம். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையைக் கட்டிக்கொண்டு ஒரு சிரிப்பு. கீழே, "தினமும் இரண்டு துண்டு. உங்கள் இதயத்துக்கு நான் பொறுப்பு." ஆறு வருடம் ஆஸ்பத்திரியில் இதய நோயாளிகளைப் பார்த்தாயே, அப்போது யாரிடமாவது இப்படிச் சொல்லியிருக்கிறாயா? "பார்க்கலாம், முயற்சி பண்ணலாம்" என்றுதானே சொல்வாய்?

என் புத்தி உனக்குத் தெரியும். முப்பது வருடமாகக் கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிறவள். உன் சாக்லேட்டையும் விடவில்லை, எடுத்துப் போய் ஆபீஸ் தராசில் வைத்துப் பார்த்தேன். நூறு கிராம் என்று போட்டிருக்கிறது, சரியாக நூறு கிராம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். உன் கம்பெனிக்காரன் எடையில் நாணயமாக இருந்துகொண்டு மீதி எல்லாவற்றிலும் புளுகுகிறான்.

அத்தானுக்குப் பெட்டியைப் பார்த்ததிலிருந்து கால் தரையில் இல்லை. ஒரு டப்பாவைக் கண்ணாடி அலமாரியில், எங்கள் கல்யாணப் போட்டோ பக்கத்தில் வைத்திருக்கிறார்.

அக்கா

*

ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். நீ மாறவே மாட்டாய். கத்தரிக்காய்க் கடைக்காரனை மிரட்டுகிற மாதிரியே என்னையும் மிரட்டுகிறாய்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கோகோவில் ஃபிளேவனால் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது ரத்தக்குழாயைத் தளர்த்தும், பிரஷரைக் கொஞ்சம் குறைக்கும். இது ஆராய்ச்சி, நான் வீட்டில் உட்கார்ந்து கட்டிய கதை இல்லை. இதையெல்லாம் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்க முடியாது அக்கா. அவரவருக்குத் தெரிந்த வேலையை அவரவர் பார்த்தால் நல்லது.

ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு நாற்பது பேரைப் பார்த்தேன். இப்போது என் வார்த்தை நாற்பது லட்சம் வீட்டுக்குப் போகிறது. பெருமைப்படாவிட்டாலும் பரவாயில்லை, கேலி பண்ணாதே.

அத்தானுக்கு இன்னும் ஒரு பெட்டி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி

*

ஜனவரி 27

தம்பிக்கு,

உன் வார்த்தை நாற்பது லட்சம் வீட்டுக்குப் போகிறதோ இல்லையோ, இந்த வீட்டுக்கு வந்துவிட்டது. வந்து என்ன செய்தது என்று கேள்.

அத்தான் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று வாரமாகிறதாம். எனக்கு நேற்றுதான் தெரிந்தது. ஏழு நாளுக்கு ஏழு குழி உள்ள மாத்திரை டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தேனே, அதைத் திறந்தால் ஒவ்வொரு குழியிலும் இரண்டு துண்டு சாக்லேட். காலையில் வெந்நீரோடு விழுங்குகிறாராம், மெல்லக்கூட இல்லை. "கசக்குது, ஆனா மருந்துன்னா கசக்கத்தானே செய்யும்?" என்கிறார். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டேன்.

தெருமுனை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். நூற்று எண்பதுக்கு நூற்று ஐந்து. அந்தச் சின்ன டாக்டர் பையன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே மாத்திரை எழுதிக் கொடுத்தான். உன் அத்தான் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார். "தம்பி, இவரு எங்க மச்சான். இதய டாக்டரு. இவரே பொறுப்புன்னு எழுதிக் குடுத்துட்டாரு. நீங்க அதுக்கு மேலயா?" அந்தப் பையன் என்னைப் பார்த்தான். எனக்கு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

நான் சொன்னால் கேட்க மாட்டார். "உனக்கு எல்லாத்துலயும் குறைதான்" என்பார். போனில் நீ சொல்ல முடியாது, அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது, எதிரில் நின்றால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார். மெசேஜ் அனுப்பினால், "எவனோ அனுப்புறான்" என்று தள்ளிவிடுகிறார். உன் கையெழுத்து ஒன்றுக்குத்தான் மரியாதை. அதனால் கேட்கிறேன். உன் கைப்பட நாலு வரி எழுது. சாக்லேட் மருந்து இல்லை, மாத்திரையை நிறுத்தக்கூடாது, டப்பாவில் இருப்பது விளம்பரம். அவ்வளவுதான்.

அக்கா

*

பிப்ரவரி 6

அக்கா,

மாத்திரையை நிறுத்தியது பெரிய தப்பு. உடனே ஆரம்பிக்கச் சொல். நான் அப்படி எங்கேயும் சொல்லவில்லையே! டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் "இது மருந்துக்கு மாற்று அல்ல" என்று இருக்கிறது.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், வெளியே போகக்கூடாது. ஆராய்ச்சியில் கொடுத்தது பெரும்பாலும் தனியாகத் தயாரித்த கோகோ சாறும் பொடியும்தான். கடையில் விற்கிற சாக்லேட்டில் அந்தப் பொருள் பதப்படுத்தும்போதே நிறையப் போய்விடுகிறது. மீதி சர்க்கரையும் கொழுப்பும். அந்தச் சாற்றிலும் பிரஷர் குறைந்தது ஒன்றோ இரண்டோ புள்ளிதான். இது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் இதை என் கையெழுத்தில் எழுதித் தர முடியாது. பொருளுக்கு எதிராகப் பேசவோ எழுதவோ கூடாது என்று ஒப்பந்தம். அத்தானிடம் கொடுத்தால் அவர் தெருவெல்லாம் காட்டுவார், உனக்கே தெரியும். அவருக்குப் பொருத்தமாக ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். கொடு.

உன் தம்பி

*

பிப்ரவரி 16

தம்பிக்கு,

பொருத்தமான கடிதம்! "சமச்சீரான வாழ்க்கை முறையில், தகுந்த ஆலோசனையோடு, அளவோடு எடுத்துக்கொள்ளும் சாக்லேட் உங்கள் சிகிச்சைக்குத் துணை நிற்கும்." இதை எழுத வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாயா? வழவழா கொழகொழா என்று இவ்வளவு பூசி மெழுகின கடிதத்தை நான் பார்த்ததில்லை. அத்தான் இரண்டு தரம் படித்தார். "பாத்தியா, துணை நிக்கும்னு எழுதியிருக்கான்" என்றார். மறுநாளிலிருந்து நாலு துண்டு.

பதின்மூன்றாம் தேதி முகம் கழுவும்போது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. கழுவுகிற தொட்டி முழுக்கச் சிவப்பு. அவர் துண்டால் பொத்திக்கொண்டு, "சூடு" என்கிறார். இனி ஒரு நாள் தலைக்குள் ஏதாவது வெடித்தால் அதற்கும் சூடு என்றுதான் சொல்வார்.

நான் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். அத்தானுக்குக் காது எப்படிப் போனது? மில் ஜெனரேட்டர் ரூமில் ஒரு ஷிப்டு பார்க்கிற ஆள். நீ மருத்துவம் படித்த ஐந்து வருடமும் இரண்டு ஷிப்டு பார்த்தார். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு போவார், வந்து பஞ்சை எடுத்தாலும் அதே சத்தம் என்பார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். "சின்னவன் படிப்புல கவனம் போயிடும்" என்றார். நீ டாக்டராகி முதல் தடவை அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோது ஏன் அழுதார் தெரியுமா? நீ எதையோ கேட்கிறாய் என்று. அவருக்கு எதுவும் கேட்காத காலம் அது.

நாலு வரிதான் கேட்கிறேன். நீ என் தம்பியாக இருந்தால் எழுது.

அக்கா

*

பிப்ரவரி 25

அக்கா,

இது நியாயமே இல்லை. அந்த ஷிப்டுக் கதையை இத்தனை வருடம் மூடி வைத்திருந்து இப்போது என் தலையில் போடுகிறாய். நான் கேட்டேனா அவரை இரண்டு ஷிப்டு பார்க்கச் சொல்லி?

படித்த மனிதன் இப்படி ஒரு கையெழுத்துக்குத் தன் தொழிலையே பணயம் வைக்க மாட்டான். அடுத்த மாதம் புது டப்பா வருகிறது, சர்க்கரை நோயாளிகளுக்கென்று. அதற்கும் நான்தான். இந்த நேரத்தில் என்னால் முடியாது. ஒரு பெரியவர் மாத்திரை சாப்பிட மறுத்தால் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அவருடைய மனைவி. பாலில் பொடித்துக் கலந்து கொடு.

உன் தம்பி

*

மார்ச் 12

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அத்தானுக்கு எழுதினது. படித்துவிட்டு அன்றைக்கே மாத்திரை போட்டார். என்ன விழிக்கிறாய்? நீ எழுதவில்லை, தெரியும். நான் எழுதினேன்.

உனக்கு எழுதப் பழக்கிவிட்டது யார்? அம்மா போனபோது உனக்கு நாலு வயது. உன் கையைப் பிடித்துக்கொண்டு எழுத வைத்தவள் நான். உன் கையெழுத்து என்று ஒன்று தனியாகக் கிடையாதடா, அது என்னுடையதுதான். நீ அனுப்பிய பழைய உறையிலேயே வைத்து ஒட்டிக் கொடுத்தேன். தபால் முத்திரையில் தேதி பார்க்கிற ஆளா அவர்?

பெரிதாக ஒன்றுமில்லை. நீ என்னிடம் ரகசியமாகச் சொன்னதைத்தான் எழுதினேன். "அத்தான், ஆராய்ச்சியில் கொடுத்தது இந்தச் சாக்லேட்டே இல்லை. இதில் இருப்பது சர்க்கரையும் கொழுப்பும். டப்பாவில் நான் சொன்னது பொய். பொறுப்பு என்று போட்டேனே, அந்தப் பொறுப்பில்தான் இதை எழுதுகிறேன். மாத்திரையை விடாதீர்கள்." கீழே உன் கையெழுத்து. முப்பது வருடத்தில் நான் குத்தின ஒரே கள்ள முத்திரை அதுதான்.

உன் பெயரில் வந்த முதல் உண்மை, அதையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது, தூ! அத்தான் உனக்குப் பதில் எழுதித் தபாலில் போடச் சொன்னார். இதோடு வைத்திருக்கிறேன். உட்கார்ந்து படி.

அக்கா

*

மார்ச் 10

அன்பு மச்சானுக்கு,

உங்கள் லெட்டர் கிடைத்தது. நாலு தடவை படித்தேன். கம்பெனிக்காரன் சம்பளத்தை வாங்கிக்கொண்டே அவன் சரக்கு பொய் என்று எழுதுவது லேசான காரியமா? நான் மில்லில் இருந்தவன், முதலாளிக்கு எதிராக ஒரு துண்டுக் காகிதம் எழுதினவன் கதி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்காக இதைச் செய்தீர்களே.

டப்பாவில் உங்கள் போட்டோவைப் பார்த்தபோது பெருமையாக இருந்தது. இந்த லெட்டரைப் பார்த்தபோது அதைவிடப் பெருமை. டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டு லெட்டரை வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்டவில்லை, உங்களுக்குக் கெடுதல் வந்துவிடக்கூடாது.

வேலை போய்விட்டால் கவலைப்படாதீர்கள். நீங்கள் படித்த ரூம் அப்படியே இருக்கிறது, மேஜையைத் துடைத்து வைத்திருக்கிறேன். மாத்திரையைக் காலை எட்டு மணிக்குப் போடுகிறேன். உங்கள் அக்கா வாய்தான் கொஞ்சம் அதிகம், மனசில் ஒன்றும் கிடையாது. பதில் போடுங்கள்.

அத்தான்

*

மார்ச் 24

அக்கா,

நீ என்ன காரியம் செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? என் பெயரில், என் கையெழுத்தில் போலிக் கடிதம்! கம்பெனி கைக்குப் போனால் நான் நடுத்தெருவில் நிற்பேன். நான் எழுதவில்லை என்று நிரூபிக்கக்கூட முடியாது, நீயே சொல்கிறாய் நம் கையெழுத்து ஒன்று என்று.

அத்தானிடமிருந்து அந்தக் கடிதத்தை உடனே வாங்கி எரித்துவிடு. எரித்துவிட்டேன் என்று எனக்கு எழுது. அவர் கடிதத்துக்கு நான் பதில் போடுவதாக இல்லை. போட்டால் நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

*

ஏப்ரல் 5

தம்பிக்கு,

எரிக்கவில்லை. பயப்படாதே, யாருக்கும் காட்டவும் மாட்டோம். நீ இவ்வளவு பயப்படுவதைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருக்கிறது. இவ்வளவு எழுதினாயே, அத்தானுக்கு இப்போது பிரஷர் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டாயா? நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பத்து நாலு. நீ கேட்க மாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன்.

அத்தான் தினமும் பதினோரு மணிக்கு வாசலில் போய் நிற்பார். தபால்காரர் கையை விரித்ததும் உள்ளே வந்து, "பதிலே இல்லையே, வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களோ? என்னாலதானே" என்பார். பத்து நாள் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. எனக்குத் தாங்கவில்லை.

நேற்று உன் பதில் வந்துவிட்டது. கம்பெனியை விட்டுவிட்டாயாம், பழைய ஆஸ்பத்திரியிலேயே மறுபடி எடுத்துக்கொண்டார்களாம். நாற்பது பேர் போதும் என்று எழுதியிருக்கிறாய். ஜெனரேட்டர் ரூம் விஷயம் இத்தனை நாள் தெரியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அத்தான் கடிதத்தை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். "சொல்லிட்டியா? சொல்லாதேன்னேனே" என்று என்னைத் திட்டினார். திட்டிவிட்டு வயிறு நிறையச் சாப்பிட்டார்.

அந்தத் தம்பி நல்லவனடா. எழுதி முடித்ததும் அவன் மேல் எனக்கே பாசம் பொங்கி, அடுப்படியில் நின்று அழுதேன். நான் வளர்த்தது அவனைத்தான். உன்னை யார் வளர்த்தார்கள் என்று தெரியவில்லை.

அதனால் இனி நீ கஷ்டப்பட்டு எழுத வேண்டாம். பெட்டியும் அனுப்ப வேண்டாம். உன் கடிதங்களை நானே எழுதிக்கொள்கிறேன்.

அவனுடைய அக்கா