படம் எடுத்துக்கொள்ளாமலே போன அண்ணாச்சிக்கு

அலைவாய்க் கரையில் வேலூன்றி நிற்கும் செந்திலாண்டவா, உருவை நாடுவோர்க்கு உருவாயும் உருவைக் கடந்தோர்க்கு ஒளியாயும் விளங்குபவனே, எழுதும் இந்தக் கையில் பொய் ஏறாமல் காத்தருள்வாய்.

எனக்கு முன்னே பிறந்து, எனக்கு முன்னே போன என் அன்பு அண்ணாச்சிக்கு, உடன்பிறந்தவன் அடிபணிந்து எழுதுவது.

நீங்கள் மறைந்து ஓராண்டு நிறைந்துவிட்டது. தலைத் திவசம் குறைவின்றி நடந்தது. போர் ஓய்ந்துவிட்டது என்கிறார்கள்; ஆனால் மண்ணெண்ணெய்க்கும் வேட்டித் துணிக்கும் இன்னமும் சீட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில்தான் நிற்கிறோம். முத்துப்பார் பார்க்கப் போனவர்கள் சிப்பி முதிரவில்லை என்று திரும்பி வந்தார்கள். நீங்கள் முத்துக்குத் தரம் பார்த்த வடக்குச் சன்னலோரத்தில் இப்போது மதினி வற்றல் காயப் போடுகிறார்கள். அவர்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்கு என்ன என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

மூச்சு அடங்குவதற்குச் சற்று முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்முவத்த எதுல விடணும்னு நீயே பாத்துக்கலே" என்று சொன்னீர்கள். அந்த ஒரு சொல்லைத்தான் ஓராண்டாகச் சுமந்து திரிந்தேன். உங்கள் மகன் சண்முகத்துக்கு இருபது வயது ஆகிறது. துறைமுகத்துக் கப்பல் கம்பெனி ஒன்றில் அவனுக்குக் குமாஸ்தா வேலை சொல்லி வைத்திருந்தேன். தை பிறந்ததும் வந்து சேரட்டும் என்று அங்கே ஒப்புக்கொண்டும் இருந்தார்கள். அவனோ போட்டோ பிடிப்பதுதான் தன் தொழில் என்று நின்றான்.

அது ஒரு தொழிலா, அண்ணாச்சி? முத்துக் குளிப்பவன் மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்குகிறான். உப்பளத்துக்காரன் வெயிலில் வேகிறான். இவனோ கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, எதிரே இருப்பவனைப் பார்த்து அசையாதே என்கிறான். இரண்டு பேரும் செய்யாத வேலையைச் சூரியன் செய்து முடிக்கிறது. பெயர் மட்டும் ஸ்டூடியோவுக்கு.

அவன் ஒன்றரை ஆண்டாக வேலை பழகிய இடத்தை நீங்கள் பார்த்ததில்லை. நடத்துகிறவர் கொழும்பில் கடை வைத்திருந்து திரும்பி வந்தவர். சுவரில் ஒரு படுதா. அதில் தாமரைக்குளம், குளத்தின் நடுவில் ஏதோ துரை வீட்டு மாடிப்படி, படி முடியும் இடத்தில் மயில். எங்கிருந்து எங்கே ஏறிப் போவதற்கு அந்தப் படி என்று வரைந்தவனுக்கே தெரியாது. எழுத்துக் கூட்டத் தெரியாத கருவாட்டு வியாபாரி அதன் முன்னால் தடித்த புத்தகத்தை விரித்துப் பிடித்து அமர்கிறார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பவேண்டிய பெண்ணின் முகத்தை இரண்டு நிறம் வெளுத்துத் தரச்சொல்கிறார் பெற்ற தகப்பன். கலியாணத்தன்று அந்த இரண்டு நிறத்துக்கு யார் பதில் சொல்வது?

இவற்றையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். செத்தவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் கட்டி உட்காரவைத்துப் படம் எடுத்து, பிறகு கண்ணாடித் தகட்டில் விழித்த கண்ணை வரைகிறார்கள், அண்ணாச்சி! யமன் மூடிய கண்ணைப் பென்சிலால் திறக்கிற அகந்தையை எந்தப் புராணத்து அரக்கனிடமும் நான் வாசித்ததில்லை. தகட்டின்மேல் நுண்ணிய பென்சிலால் திருத்தும் அந்த வேலைதான் உங்கள் மகனுக்கு. கை நன்றாக வருகிறதாம். முதலாளி மெச்சிக்கொள்கிறாராம்.

ஒருநாள் உங்கள் வீட்டு முற்றத்திலேயே அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலே, நெழலப் புடிச்சுக் கண்ணாடியில ஒட்டுதது ஒரு பொழப்பாலே?"

"நீங்க கல்லுல சாமியக் கும்புடுதியளே சித்தப்பா. அதையும் ஒருத்தன் செதுக்குனதுதான?"

"அந்தக் கல்லுக்கு ஆகமம் இருக்கு, அபிசேகம் இருக்கு. ஒன் கண்ணாடிக்கு என்னல இருக்கு?"

"அதையும் மூணு தண்ணியில குளிப்பாட்டித்தான் எடுக்கோம்."

அடுக்களையிலிருந்து மதினி சிரித்தது கேட்டது. நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் எழுந்த முதல் சிரிப்பு. ஆகையால் அன்றைக்கு அவனை அதற்குமேல் ஏசவில்லை.

இனி என் இழிவைச் சொல்கிறேன்.

படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று வாழ்நாளெல்லாம் கேமராவுக்கு முகத்தைத் திருப்பினீர்கள். உங்களைப் பார்த்து நானும் எடுத்துக்கொண்டதில்லை. ஆயுள் என்னவோ உங்களுக்கு அதன் கணக்கில்தான் நின்றது. படம்தான் இல்லாமல் போயிற்று. திவசம் நெருங்க நெருங்க, வந்தவர் போனவரெல்லாம் சுவரைப் பார்த்தார்கள். "அண்ணாச்சி படம் ஒண்ணுகூடவா இல்ல?" என்று கேட்டார்கள். ஊரில் இப்போது அதுவும் ஒரு சடங்காகிவிட்டது. சட்டம் போட்ட படமும் சந்தனப் பொட்டும் மாலையும் இல்லையென்றால், அந்த வீட்டில் இறந்தவருக்கு மரியாதை இல்லை என்று பொருளாம். மதினியும் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார்கள்: "மால போடுததுக்கு ஒரு முகம் வேணும்லா, கொழுந்தனாரே."

இதை ஸ்டூடியோ முதலாளி எப்படியோ கேள்விப்பட்டு வந்தார். "அய்யா, ஒரே வயித்துல பெறந்த சாடை. அண்ணாச்சி கோட்ட மாட்டிக்கிட்டு நீங்க வந்து உக்காருங்க. மிச்சத்தப் பென்சில் பாத்துக்கிடும். இங்க பாதி வீட்ல தொங்குதது இப்படி எடுத்ததுதான்" என்றார்.

அவரை நான் வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும். நிழல் பொய், காட்சி மாயை என்று ஆண்டுக்கணக்காகப் பதிகம் ஓதிய இந்த வாய், "என்னைக்கு வரணும்?" என்று கேட்டது.

உங்கள் கறுப்புக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையும் எனக்குச் சற்றுப் பெரிதாகவே இருந்தன. கோட்டின் உள்ளே உங்கள் வியர்வையும் விபூதியும் கலந்த வாசனை அப்படியே இருந்தது. நாற்காலிக்குப் பின்னால் இரும்புக் கவை ஒன்றை நிறுத்தி, அதில் என் பிடரியைப் பொருத்தினார்கள். மாட்டுக்கு லாடம் அடிக்கும்போதுகூட இவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை.

"அய்யா, அண்ணாச்சி பாக்க மாதிரி பாருங்க" என்றார் முதலாளி.

"எங்க அண்ணன் எப்படிப் பாப்பார்னு ஒமக்குத் தெரியுமாவே?"

"தெரியாது. அதுக்குத்தான் எல்லாருக்கும் ஒரே பார்வையா வச்சிருக்கோம்."

உங்கள் மகன் தகட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றான். என் பக்கம் திரும்பவே இல்லை. வெட்கப்படுகிறான் என்று எண்ணினேன். யாருக்காக வெட்கப்பட்டான் என்பது பிறகுதான் விளங்கிற்று.

நான்காம் நாள் காலையில், மதினியும் நானும் திவசத்துக்கு யார் யாரை அழைப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது, சண்முகம் கையில் ஒரு கண்ணாடித் தகட்டோடு வந்தான். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். கோட்டு இருந்தது. தலைப்பாகை இருந்தது. இரண்டுக்கும் நடுவில் முகம் இருக்கவேண்டிய இடத்தைச் சுத்தமாகச் சுரண்டியிருந்தான்.

"என்னலே இது?" என்று கத்தினேன்.

"ரெண்டு நாளு பென்சில் புடிச்சேன், சித்தப்பா. அப்பா சிரிச்சா வலது கன்னம் மட்டும் மேல ஏறும். அதையும் போட்டேன். பாத்தா நல்லாத்தான் இருந்துச்சு. அதுலதான் பயந்துட்டேன்."

"நல்லா இருந்தா என்னல பயம்?"

"அம்மா இதத் தெனமும் பாத்துக்கிட்டே இருப்பா. இன்னும் பத்து வருசத்துல அப்பா முகம்னு நெனச்சா இதுதான் வரும். எனக்கும் இதுதான் வரும். அப்ப அப்பா எங்க போவாக? இப்ப கண்ண மூடுனா எனக்குத் தெரியுதாகளே. அத நானே அழிக்கணுமா?"

நான் விடவில்லை. "ஊர்ல அத்தன பேருக்கும் செஞ்சு குடுத்தியே, அப்ப எங்கலே போச்சு இந்த ஞானம்?"

தலையைக் குனிந்துகொண்டான். "அவுக முகம் எனக்குத் தெரியாது, சித்தப்பா. அதனால கூசல. இனி அதுவும் என்னால ஆகாது. மொதலாளிட்ட சொல்லிட்டேன். இத முடிக்க மாட்டன்னா நாளைக்கு வராதேன்னுட்டாரு."

மதினி எழுந்து போய்த் தம் தகரப்பெட்டியைத் திறந்து ஒரு படத்தைக் கொண்டு வந்தார்கள். யாரோ உறவினர் கலியாணத்தில் எடுத்த கூட்டப் படம். பின்வரிசையில் ஒருவர் கடைசி நொடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகியிருக்கிறார். விழுந்திருப்பது இடது தோளும் துண்டின் நுனியும் மட்டுமே.

"இது அவுக தோளுதான. இதுக்கு மால போட்டாப் போதும்" என்றார்கள்.

அந்தத் தோளுக்குத்தான் திவசத்தன்று மாலை விழுந்தது, அண்ணாச்சி. விருந்துண்ண வந்தவர்கள் படத்தின் முன்னே நின்று எந்தத் தலை உங்களுடையது என்று தேடினார்கள். ஒருவர் மணப்பெண்ணின் மாமனைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவருக்கு நீண்ட ஆயுள் உண்டாகட்டும்.

அந்த வாரம் முழுவதும் என் நெஞ்சில் நடந்ததை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. ஸ்டூடியோ வேலை அவனாகவே போய்விட்டது. கப்பல் கம்பெனி வேலை காத்திருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நினைத்தது நடந்துவிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பொய்த் தொழில், பொய்த் தொழில் என்று நாள்தோறும் நான் ஏசினேன். பொய்க்குத் தலையைக் கொடுத்து, செத்தவர் கோட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்தவன் யார்? அதைத் தன் பிழைப்புப் போனாலும் செய்யமாட்டேன் என்று சுரண்டி எறிந்தவன் யார்? தோல் உரித்துப் பளபளப்பேற்றிய முத்தை, விற்க வந்தவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். அந்தக் கை அவனுக்கு வாய்த்திருக்கிறது. எனக்கு வாய்த்தது உங்கள் சாடை மட்டும்தான்.

கப்பல் கம்பெனிக்கு நானே நேரில் போய், பையன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கிருந்தவர் காரணம் கேட்டார். போட்டோ பிடிக்கப் போகிறான் என்றேன். நான் இத்தனை நாள் சிரித்த அதே சிரிப்பை அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோவுக்கு அவன் கடிதம் எழுதினான். இறந்தவர்க்குக் கண் வரையமாட்டேன், இல்லாத முகத்தை உண்டாக்கமாட்டேன் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டான். அதற்கு என்ன பதில் வந்தது தெரியுமா? "கண் வரைவதற்கு எங்களிடம் வேறு ஆள் இருக்கிறார். நீ வந்து உயிரோடு இருப்பவர்களைக் கவனி." இதுதான் அந்தத் தொழிலின் யோக்கியதை! வருகிற வெள்ளிக்கிழமை போகிறான்.

உங்கள் பெயருக்காக இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கும் பெற்றோர் சிலர், எங்கள் பிள்ளையையும் இதில் விடலாமா என்று கேட்கக்கூடும். வேண்டாம் என்பதே பெரும்பாலோர்க்கு என் விடை. தொழில் அற்பம், அதை ஏவுகிற நாம் அதைவிட அற்பர்கள். வெளுத்துக் கொடு, இல்லாத நகையைப் பூட்டிக் கொடு, செத்தவரை எழுப்பிக் கொடு என்று கேட்கும் ஊரிடம் முடியாது என்று சொல்லத் தெரியாத பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள். ஆறு மாதத்தில் நல்ல பொய்யனாகத் திரும்பி வருவான். சொல்லத் தெரிந்த பிள்ளை யாரையும் கேட்காமலே போய்விடுவான். நாம் தடுத்தது அவனுக்கு நினைவிருக்கும், அவ்வளவுதான்.

நேற்றைக்கு அவன் என்னிடம் வந்தான். "ஊருக்குப் போறதுக்கு முன்னால ஒங்கள ஒரு படம் எடுத்துக்கிடுதேன், சித்தப்பா. ஒங்க சட்டையில. கவையும் வேண்டாம், படுதாவும் வேண்டாம். மாட்டன்னு மட்டும் சொல்லிராதிய" என்றான்.

அண்ணாச்சி, உங்கள் முன் வாக்குக் கொடுக்கிறேன். வியாழக்கிழமை காலை, வெளிச்சத்தில், என் வேட்டி சட்டையோடு அவன் எதிரில் அமர்வேன். மூக்கின்மேல் இருக்கும் மருவும் முன்பல் போன வாயும் இருக்கிறபடியே விழட்டும், பென்சில் படக்கூடாது. நாளைக்கு எனக்காக எவனும் என் சட்டையை மாட்டிக்கொண்டு உட்காரவேண்டிய இழிவு இந்தக் குடும்பத்துக்கு வரவிடமாட்டேன். சிரிக்கமாட்டேன் என்பதையும் அவனிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

இதை வாசிப்போர் இல்லங்களில் நெல்லும் உப்பும் குறையாதிருக்க, பிள்ளைகள் நாணயத்தோடு வளர, இருப்பவர் முகத்தை இருக்கும்போதே கண்ணாரப் பார்த்துக்கொள்ளும் பேறு எல்லோர்க்கும் வாய்க்க, செந்தில் வேலவன் துணைநிற்பானாக.

என்றும் உங்கள் நிழலில் வளர்ந்த
தம்பி வேலாயுதம்