அந்த ஆள் வைத்த பொட்டு

இன்று மதியம் ஆசிரியர் அறையில் சுமதி டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் வாசம் அடித்தது. புது ரவிக்கை, கடையிலிருந்து நேராக உடம்புக்கு வந்திருக்கிறது. யார் தைத்தது என்று கேட்டேன். சின்னசேலத்தில் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாளாம், கை ரொம்பச் சுத்தமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ இருந்தவரை இந்த ஊரில் வேறு யாருக்குச் சுத்தமான கை இருந்தது?

சாப்பிட்டுக்கொண்டே சுமதி போனில் ஒரு டி.வி. விவாதத்தை ஓட விட்டாள். பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் கல்யாணம் செய்துகொள்ள நம் மாநிலமே சட்டம் கொண்டுவரலாமா என்று நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்சிக்காரர் சட்டசபையில் வைத்துப் பேசலாம் என்றார். இன்னொருவர் பண்பாடு என்று ஆரம்பித்தார். ஓரத்தில் சின்ன வயதுப் பெண்கள் இருவர், ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தபடி, "நாங்க கல்யாணம் பண்ணிக்கணும், அவ்வளவுதான்" என்று முகத்தை மறைக்காமல் சொன்னார்கள். பண்பாட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தப் பெண்களைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது.

"இவங்களுக்கு எதுக்குங்க டீச்சர் கல்யாணம்?" என்றாள் சுமதி. "யாரு வேணான்னா? சேந்து இருந்துட்டுப் போவட்டுமே."

நீயும் நானும் சேர்ந்துதானே இருந்தோம். 

நான் பொறாமைக்காரி என்று உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அளவெடுக்க நீ எவள் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டாலும், விடைத்தாள் திருத்துகிற சாக்கில் நான் கதவோரம் உட்கார்ந்துகொள்வேன். "டீச்சரு, அளவெடுக்கறதுக்கும் மூஞ்சியத் தூக்கினா, நான் இன்னா கண்ண மூடிகினா தெக்கிறது?" என்பாய். அன்றைக்கெல்லாம், பாவம், பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைந்திருக்கும்.

கல்வராயன் மலைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? வெள்ளிமலை பஸ்ஸில் நமக்கு முன்னால் ஒரு புது ஜோடி. அந்தப் பையன் அவள் தோளில் கை போட்டதும் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நீ உடனே என் கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய். யாரும் பார்க்கவில்லை. "பாத்தியா, நமக்குத்தான் லக்கு. ரெண்டு பொம்பளைங்க கையப் புடிச்சிக்கினு போனா யாரு கேக்கப் போறா?" என்றாய். எனக்கு அது லக்காகத் தெரியவில்லை. நம்மையும் ஒரு பஸ் திரும்பிப் பார்க்கட்டுமே என்றிருந்தது.

ஒரு தேர்தலில் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்தார்கள். "எத்தினி ஓட்டுங்க்கா இந்த வூட்ல?"

"ரெண்டு."

"வூட்டுக்காரரு வெளிய போயிருக்காரா?"

"உள்ள கொழம்பு தாளிச்சிகினு இருக்காரு" என்றாய். கரண்டியோடு நான் வெளியே வந்தேன். கூட்டமே சிரித்தது. நீ விடவில்லை. "எங்க ரெண்டு பேருக்கும் ஒரு சட்டம் போடுவீங்களா?" என்று வேட்பாளரையே கேட்டாய். அவர் கும்பிட்டபடியே, "மகளிர் குழு கடன்தானேக்கா, முடிச்சிடலாம்" என்றார். அன்று முழுக்கச் சிரித்தோம். குழம்பு தீய்ந்ததுகூடத் தெரியவில்லை.

மெஷினில் உட்கார்ந்தபடியே நீ சாய்ந்த காலையில் உன் தம்பிக்கு நான்தான் போன் செய்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை உன் பிறந்த வீட்டுக்கு, களமருதூருக்கு எடுத்துப் போனார்கள். வண்டியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். உன் பின்னால் நான் டவுன் பஸ்ஸில் வந்தேன்.

வந்து பார்த்தால், எல்லாரும் அந்த ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள். விவரம் தெரியாத வயதில் உன்னைக் கட்டி, ஒரு வருஷம்கூட வைத்து வாழாமல், எலவனாசூர்கோட்டையில் வேறொருத்தியோடு பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஆள். தாலி கட்டியவன் உயிரோடு இருந்தால் பெண் மஞ்சள் குங்குமத்தோடு போக வேண்டும், அந்தக் குங்குமத்தை அவன்தான் வைக்க வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கமாம். நீ அவன் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் ஆள் அனுப்பி வரவழைத்தார்கள்.

வந்தான். தலைமாட்டில் நின்ற என்னிடம் மெதுவாக, "இவங்கதானுங்களே?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன். உன்னை உன் புருஷனுக்கு நான் அடையாளம் காட்டினேன்.

அவன் குங்குமத்தை எடுத்து வைத்தான். பொட்டு புருவ மத்தியில் விழாமல் இடப்பக்கம் ஏறிக் கோணலாக விழுந்தது. கண்ணாடி பார்க்காமலே நேராகப் பொட்டு வைக்கிறவள் நீ. சரிசெய்யக் கை நீட்டினேன். உன் தம்பி மனைவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "புருஷன் வச்சதத் தொடக்கூடாதுங்க டீச்சர். உங்களுக்கு மொறை இல்லீங்களே." கடுமையாகச் சொல்லவில்லை, பாவம், அழுதுகொண்டேதான் சொன்னாள். அவன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கெட்டவனாகத் தெரியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தெருப் பெண்கள் வரிசையில் கடைசியாக நின்று உனக்கு வாய்க்கரிசி போட்டேன்.

மணி அடித்தது. சுமதி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள்.

"செத்தா பொட்டு வைக்கிறதுக்குங்க டீச்சர்" என்றேன்.

"இன்னாங்க?"

"எதுக்குக் கல்யாணம்னு கேட்டீங்களே. அதுக்கு."

"யாரு செத்தா?" என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் இந்தப் பள்ளிக்கூடத்துக்குள் உன் பெயரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.  அவள் என் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். நான் வகுப்புக்குப் போய்விட்டேன்.

அந்த ஆள் மேல் இருக்கும் பொறாமை என்னைவிட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம். உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான். சட்டம் வருமா, வராதா, தெரியாது. வந்தால், அந்தப் பெண்களில் ஒருத்தி கிழவியாகி, இன்னொருத்தி நெற்றியில் தன் கையால் பொட்டு வைத்து அனுப்புவாள். யாரும் அவள் கையைப் பிடிக்க மாட்டார்கள். அதைப் பார்க்க நான் உயிரோடு இருக்க வேண்டும். இருந்து, அவளைப் பார்த்து வயிறார எரிய வேண்டும்.