உங்கட நீர்மூழ்கியின் மூடாத தொட்டி

என்ர மச்சானுக்கு,

கபுறில் இருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்லலாம் என்பார்கள். ஆகவே முதலில் ஸலாம். புருஷன் மௌத்தானவள் வீட்டோடு இருக்கிற நாலு மாதம் பத்து நாள், என்ர இத்தா, முடிய இன்னும் ஒன்பது நாள் கிடக்கிறது. சாய்ந்தமருதில், எங்கட நடு அறையில், உங்கட கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பேப்பருக்கு அனுப்பப் போகிறேன். ஊரும் வாசிக்கட்டும், உங்கட கூட்டாளி றிஸ்மியும் வாசிக்கட்டும்.

எனக்கு அருவருப்பாக இருக்கிறது மச்சான். வேறு நல்ல சொல்லாகத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கம்பியூட்டர் விளையாட்டில் நீங்கள் மூன்று வருடமாகக் கட்டிய நீர்மூழ்கியை றிஸ்மி தான் கட்டியதென்று வீடியோ போட்டிருக்கிறான். பின்னால் சோகமாக ஒரு கஸீதாப் பாட்டு ஓடுகிறது. நடுவில் உங்கட படம் வருகிறது, அதிலும் பாதி முகம் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. "இத நான் கட்டக்குள்ள மர்ஹூமாப் போன கூட்டாளியும் கொஞ்சம் உதவி செஞ்சவர்" என்கிறான். கீழே மாஷா அல்லாஹ் சொல்வதற்கென்றே ஒரு கூட்டம். நான் எழும்பிப் போய் வாயைக் கழுவினேன்.

கொஞ்சம் உதவியாமே. பகலெல்லாம் கல்முனைக் கடற்கரையில் படகு இன்ஜின் திருத்திவிட்டு, கையில் எண்ணெய் நாற்றத்தோடு வந்து உட்காருவீர்கள். அந்த விளையாட்டில் தண்ணீர், காற்று, பாரம் எல்லாம் நிசத்தில் நடப்பது போலவே நடக்கும் என்பீர்கள். நீங்கள் அதில் கட்டியது, அமெரிக்கக்காரன் உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் செய்த இரும்பு நீர்மூழ்கிக் கப்பலின் நகல். இன்ஜின் கிடையாது. ஏழு பேர் கைப்பிடியைச் சுற்ற, எட்டாவது ஆள் முன்னுக்கிருந்து வழி பார்ப்பான். முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டிச் சுவர் கூரை வரை போகாது, மேலே திறந்துதான் இருக்கும். கப்பல் சரிந்தால் தண்ணீர் சுவரைத் தாண்டி ஆட்கள் மேல் கொட்டும். அசல் கப்பல் அப்படித்தான் ஆட்களைத் தின்றது.

நீங்கள் கட்டியதும் ஒவ்வொரு தரமும் எட்டுப் பேரையும் கொண்டுபோனது. "அந்தச் சுவர மூடினா என்ன?" என்று ஒருநாள் சோற்றுக் கோப்பையோடு நின்று கேட்டேன். "மூடினா இது அந்தக் கப்பல் இல்ல புள்ள. அவங்கட பிழையோடதான் இது மேல வரணும்" என்றீர்கள். நான் தலையில் அடித்துக்கொண்டு குசினிக்குப் போனேன். வளர்ந்த ஆம்பிளை ஒருவர் தகரத்தை முக்கி விளையாடுகிறார் என்பதுதான் அன்றைக்கு என்ர எண்ணம்.

றிஸ்மி செய்த வேலை என்ன தெரியுமா? சுவரை மூடிவிட்டான். மூடி, தண்ணீரில் இறக்கி, மேலே ஏற்றி, "பழைய டிசைன்ல ஒரு பிழை இருந்திச்சு, நான் திருத்திட்டன்" என்கிறான். களவெடுத்ததை விட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவன் கைக்கு எப்படிப் போனது என்று கேட்பீர்கள். உங்களுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதிச் சோறு கொடுத்த அன்றைக்கு வந்தான். நல்லாகச் சாப்பிட்டான். பிறகு திரைச்சீலைக்கு அங்கால் நின்று, "லாத்தா, அவர்ர பென்டிரைவத் தாங்க, ஒரு கொப்பி என்னட்ட பத்திரமா இரிக்கட்டும்" என்றான். இத்தாவில் இருக்கிறவள் அன்னிய ஆம்பிளையோடு கதைக்கப்படாது என்று உம்மா வாயில் விரலை வைத்தா. நான் வாய் திறக்காமல் கப்பல் கிடந்த பென்டிரைவை உம்மாவிடம் எடுத்துக் கொடுத்தேன்.

தேவைக்குக் கதைக்கலாம் என்று பிறகு கேட்டறிந்தேன். ஆனால் அதையும் சாட்டாகச் சொல்லப் போவதில்லை. அன்றைக்கு, அந்தச் சனியன் பிடித்த கப்பல் வீட்டை விட்டுப் போனால் சரி என்றுதான் இருந்தது எனக்கு. மௌத்து வீட்டுக்கு வந்தவர்கள் நீங்கள் பின்னேரங்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, ஏதோ கோர்ஸ் படித்தீர்கள் என்று பொய்யும் சொன்னேன். றிஸ்மியில் வருகிற அருவருப்பில் பாதி என்னிலும் வருகிறது. நான் வெட்கப்பட்டதை அவன் எடுத்துக்கொண்டான், வேறென்ன?

உங்கட கூடப்பிறந்த மூத்த காக்காவிடம் சொன்னேன். "உடுங்க புள்ள, ஒரு விளையாட்டுச் சாமானுக்கா இத்தாவுல இருந்துக்கிட்டு சண்டை? அவருக்கு துஆ கேளுங்க" என்றார். துஆவும் கேட்கிறேன். ஆனால் உங்கட பெயரை இன்னொருவன் தின்ன விடுவதா பொறுமை?

அந்தக் கோபத்தில்தான் கம்பியூட்டரைத் திறந்தேன். கப்பல் உள்ளே அப்படியே இருந்தது. முதல் கிழமை முழுக்க முக்கி முக்கி எட்டுப் பேரையும் கொன்றேன். பிறகு நீங்கள் கப்பலை இறக்கிப் பார்த்த பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மச்சான், ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எல்லாவற்றிலும் நீங்கள் முன் தொட்டியின் வால்வை ஒரே இழுவையில் முழுசாகத் திறக்கிறீர்கள். இன்ஜினைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற அதே கை. மூக்கு குத்துகிறது, தண்ணீர் சுவரைத் தாண்டுகிறது.

நான் இரண்டு கையிலும் வாளி தூக்குகிற மாதிரி முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சமாகத் திறந்தேன். சரியாமல் இறங்கியது. அதே மாதிரி இரண்டு பக்கமும் பம்ப் அடித்தேன். மேலே வந்தது. சுவர் திறந்தபடி, எட்டுப் பேரும் உயிரோடு. உம்மா ஓடி வந்து "எனத்துக்கு மகள் அழுறாய்?" என்று கேட்டா. சொன்னால் அவவுக்கு விளங்குமா?

நீங்கள் கட்டியதில் பிழையே இருக்கவில்லை. உங்கட அவசரம்தான். இதை உங்களிடம் சொல்ல ஆளில்லாமல் போனதே.

ஒன்பது நாள் கழித்து வாசலுக்கு வருவேன். றிஸ்மி வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால்தானே. திரைச்சீலை இல்லாமல், முகத்தைப் பார்த்து, அந்த வீடியோவை எடுக்கச் சொல்வேன். அவன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், தொட்டிச் சுவரை மூடாமல், கட்டியவர் என்று உங்கட பெயரைப் போட்டு நான் ஒரு வீடியோ ஏற்றுவேன். அதற்குக் கீழே, கப்பலை இறக்கி மேலே கொண்டுவந்தவர் என்று என்ர பெயரையும் போடுவேன். அதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லப்படாது.

இப்படிக்கு,
மூன்று வருடம் அந்தத் தகரத்தை ஏசிய உங்கட பொஞ்சாதி,
சுமையா